மன்னிப்புக் கேட்டுக் கேட்டும் பாரம் இறங்கவில்லை என்றால்

சகோதரர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் தொடர்ந்து வாசிக்க வசதியாக இருக்கும். சுமார் 15 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் இருந்தபோது அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்திருக்கிறார். கணக்கு உதைத்தபோது பழி கூட வேலை பார்த்த இன்னொருவர் மேல் விழுந்தது, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்து, கல்யாணம் செய்து, குடும்பமாகிவிட்டார். தினமும் ராத்திரி அந்த ஒரு பாவத்துக்காக மன்னிப்புக் கேட்கிறார். “ஆண்டவர் எப்பவோ மன்னித்துவிட்டார், விசுவாசியுங்கள்” என்கிறார் பாஸ்டர். சமாதானம் வரவில்லை. போன வருஷம் மகனுக்கு ஆபரேஷன் நடந்தபோது இதற்குத்தான் தண்டனை என்று தோன்றியிருக்கிறது. திருவிருந்து எடுப்பதையும் நிறுத்திவிட்டார். கத்தோலிக்கரான அவருடைய அம்மா, சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய் என்கிறார். “கிருபையை எப்படி ஏற்றுக்கொள்வது? நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனா?” இதுதான் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது. தேவன் என்னை மன்னித்தாரா என்பது ஒன்று. மன்னித்திருந்தால் ஏன் இது என்னை விடமாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு வந்த பதிலையே இரண்டாவதற்கும் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. நான் சி.எஸ்.ஐ. சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன், இறையியல் படித்தவன். இதே மாதிரி பாரத்தோடு வந்தவர்களோடு பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மனநல மருத்துவனோ வக்கீலோ இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு வேதம் தருகிற பதிலில் குழப்பமே இல்லை. “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்கிறது யோவானின் முதல் நிருபம். எத்தனை தடவை அறிக்கையிட வேண்டும், எவ்வளவு அழ வேண்டும் என்று அங்கே ஒரு கணக்கும் இல்லை. தாவீது செய்தது விபசாரமும் கொலையும். தீர்க்கதரிசி நாத்தான் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னபோது, “கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்று ஒரே வரிதான் தாவீது சொன்னான். அடுத்த மூச்சிலேயே, “கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” என்று பதில் வந்துவிட்டது. நீங்கள் முதல் ராத்திரி முழங்காலில் நின்று உண்மையாகக் கேட்டபோதே இந்தப் பதில் உங்களுக்கும் வந்துவிட்டது. பிறகு கேட்டதெல்லாம், கரன்ட் பில் கட்டிவிட்டு ரசீது கையில் இல்லையே என்று மறுபடி மறுபடி வரிசையில் போய் நிற்பது போலத்தான்.

“விசுவாசம் போதவில்லையோ” என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் கூட்டங்களில் விசுவாசத்தை ஏதோ தசைப்பயிற்சி மாதிரி பேசுவதால் வருகிற பயம் இது. மாற்கு 9-ல் ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்துகிறான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். அவனுடைய பிள்ளை குணமானான். விசுவாசத்தின் அளவு போதுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் நம் கண் நம்மீதுதான் இருக்கும், கிறிஸ்துமீது இருக்காது. மார்ட்டின் லூதர் 1505-ல் எர்ஃபர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்தவர். ஒரு சமயம் ஆறு மணி நேரம் வரைக்கும்கூடப் பாவ அறிக்கை செய்திருக்கிறார். வெளியே வந்ததும், எதையாவது சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அவருடைய மடத்துத் தலைவர் ஸ்டௌபிட்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன ஆலோசனை, உன்னைத் தோண்டுவதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்பதுதான். பிற்காலத்தில் லூதர் ரோமாபுரி சபையோடு எவ்வளவோ முறித்துக்கொண்டாலும், ஸ்டௌபிட்ஸிடம் பட்ட நன்றிக்கடனை மறக்கவே இல்லை.

அப்புறம் உணர்வு. மன்னிப்புக் கிடைத்ததற்கு அடையாளம் மனசு லேசாவது என்று நமக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் கன்வென்ஷனில் கடைசி ராத்திரி பாட்டு, மங்கலான வெளிச்சம், மேடைக்கு முன்னால் வரச் சொல்லி அழைப்பு. அங்கே அழுதால் இறங்கத்தான் செய்கிறது. புதன்கிழமை வாக்கில் மறுபடி ஏறிவிடுகிறது. அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் வருஷா வருஷம் அதே ஆட்களை அதே பாவத்துக்காக முன்னால் வரவைக்கிற ஊழியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. யோவான் அதே நிருபத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர். அதாவது, மன்னிக்கப்பட்டவனுடைய இருதயமும் அவனைக் குற்றம் சாட்டக்கூடும் என்பது அப்போஸ்தலனுக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் அனுபவம் வேதத்துக்கு வெளியே நடக்கிற விசித்திரம் ஒன்றும் இல்லை.

மன்னிக்கப்படாத பாவம் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது இது. இயேசு அதைச் சொன்ன சந்தர்ப்பம் மத்தேயு 12-லும் மாற்கு 3-லும் தெளிவாக இருக்கிறது. கண்ணெதிரே அவர் பிசாசைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சொன்ன வேதபாரகர்களுக்கு அது எச்சரிக்கை. வெளிச்சத்தைத் தெரிந்தே இருட்டு என்று சாதித்தவர்கள் அவர்கள், மன்னிப்பு வேண்டும் என்று தவித்தவர்கள் இல்லை. அந்தப் பாவத்தின் எல்லை சரியாக எது என்பதில் விளக்கவுரைகள் ஒத்துப்போவதில்லை. விசுவாசத்தை விட்டு விலகிப்போனவர்களைக் கடுமையாக எச்சரிக்கிற எபிரெயர் 6-ம் 10-ம் கடினமான அதிகாரங்கள், அவற்றை நான் மழுப்பவில்லை. ஆனால் ஆதிச்சபை இதை வெறும் வாதமாக அல்ல, வாழ்க்கையாகவே சந்தித்தது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியுஸ் காலத்துத் துன்புறுத்தலில் பயந்து விக்கிரகங்களுக்குப் பலி செலுத்தியவர்கள் பிறகு அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமாபுரி சபையின் குருவானவர் நோவாசியன். சபை அதை ஏற்கவில்லை, மனந்திரும்புதலுக்கு ஒரு வழி வைத்துச் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்துவையே மறுதலித்தவர்களுக்குத் திறந்த கதவு கல்லாப் பணத்துக்கு மூடியிருக்காது.

மகனுடைய ஆபரேஷன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறார் எசேக்கியேல். உடனே நீங்கள் தாவீதின் குழந்தை செத்துப்போனதே என்று கேட்கலாம். சரியான கேள்விதான். மன்னிப்பு அறிவிக்கப்பட்ட பிறகும் அந்தக் குழந்தை இறந்தது. ஏன் அப்படி என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அங்கே ஒரு தீர்க்கதரிசி வந்து, இன்னது இன்ன காரணத்தால் என்று சொன்னான். உங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் அனுப்பப்படவில்லை. அனுப்பப்படாத செய்தியை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நீங்களே எழுதிக்கொண்டீர்கள். பிள்ளை வளர்ந்து விவரம் தெரிகிற வயசில் இதை அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உங்கள் பாவம், உங்கள் ஜெபம், உங்கள் சமாதானம், உங்கள் மகன் எல்லாம் வருகிறது. வேலை போன அந்த மனுஷர் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறார். அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று, வேறு கடையில் சேர்த்துக்கொண்டார்களா, திருடன் என்ற பேரோடு அந்தக் கடைத்தெருவில் எப்படி நடந்தார், ஒன்றும் இல்லை. உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. உங்கள் மனசாட்சி கெட்டுப்போய் உங்களைத் துன்புறுத்துகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் படுகிறது. தேவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று அது சொல்லவில்லை. அந்த ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்கிறது. அதற்குப் பதிலாக நீங்கள் மறுபடி மறுபடி தேவனிடமே போய் மன்னிப்புக் கேட்கிறீர்கள்.

51-ம் சங்கீதத்தில், “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று வருகிறது. இந்த ஒரு வரியை வைத்து, ஆண்டவரோடு சரியானால் போதும், மனுஷரோடு ஒன்றும் வேண்டாம் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தாவீது கொல்லவைத்த உரியா அப்போது மண்ணுக்குள் இருந்தான், தாவீது போய் நிற்க ஓர் ஆள் இல்லை. உங்களுக்கு ஒருவேளை இருக்கிறார். லேவியராகமம் 6-ல் ஏமாற்றி எடுத்ததைப் பற்றிய சட்டம் இருக்கிறது: முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, குற்றநிவாரண பலி கொண்டுவருகிற நாளிலேயே உடையவன் கையில் கொடுக்க வேண்டும். பலிபீடமும் பறிகொடுத்தவனுடைய வாசலும் ஒரே நாளில் வருகின்றன. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான், அது சட்டம் கேட்ட ஐந்தில் ஒரு பங்கைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் அங்கே நடந்த வரிசையைக் கவனியுங்கள். இயேசு முதலில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. பணம் அதற்குப் பிறகுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. திருப்பிக் கொடுத்ததால் கிருபை கிடைக்கவில்லை, கிருபை கிடைத்ததால் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வந்தது. கிருபையை ஏற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டீர்களே, உங்கள் விஷயத்தில் அது இந்த வடிவத்தில்தான் வரும் என்று நினைக்கிறேன். மன்னிக்கப்பட்டவன் என்ற தைரியத்தில் அந்த மனுஷர் முன்னால் போய் நிற்பது.

ஜான் நியூட்டனைத் தெரியாத சபைக்காரர் குறைவு. ஆச்சரியமான கிருபையைப் பாடுகிற ‘அமேஸிங் கிரேஸ்’ பாட்டை எழுதிய அந்த ஆங்கிலேயப் பாடலாசிரியர்தான். 1748-ல் கடலில் புயலில் மாட்டித் தேவனிடம் திரும்பினார் என்பதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிய கப்பல்களில் இருந்தார், கேப்டனாகவும் ஆனார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. பிறகு குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற ஊரில் ஊழியம் செய்தார், 1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் பாட்டை எழுதினார். அடிமை வியாபாரத்தில் தன் பங்கை ஒப்புக்கொண்டு, அங்கே நடந்ததையெல்லாம் வெளிப்படையாக எழுதி அச்சிட்டது 1788-ல். பாட்டு எழுதிப் பதினைந்து வருஷம் கழித்து. பார்லிமென்ட் குழுவின் முன்னாலும் போய்ச் சாட்சி சொன்னார். பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டத்தால் நிறுத்திய 1807-லேயே இறந்தார். அந்தத் தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மன்னிப்பின்மேல் அவருக்கு இருந்த நிச்சயம் அவரை வாயை மூடவைக்கவில்லை, திறக்கவைத்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் 1937-ல் மலிவான கிருபை என்று கண்டித்தது இதற்கு எதிர்ப்பக்கம்: பாவியை அப்படியே விட்டுவிட்டுப் பாவத்தை மட்டும் நியாயப்படுத்துகிற கிருபை.

நடைமுறையில் எப்படி? முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கப்போவது குடும்பத்துப் பணம், வரப்போகிற பேரும் குடும்பத்துப் பேர். அவருக்குத் தெரியாமல் செய்தால் ஓர் ஒளிவை மூட இன்னொரு ஒளிவு என்று ஆகிவிடும். அப்புறம் ஒரு வக்கீலைப் பாருங்கள். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொண்டால் சட்டப்படி என்ன ஆகும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். கடை முதலாளிக்குப் பணம் போக வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூடவே. அதைவிட முக்கியம், எடுத்தது நான், அவர் இல்லை என்று முதலாளிக்கு எழுத்தில் கொடுப்பது. அந்த மனுஷர் இழந்தது சம்பளம் மட்டும் இல்லை, பேரும்தான். பிறகு அவரையே பார்க்கப் போங்கள். போகும்போது உங்கள் பதினைந்து வருஷ வேதனையை விலாவாரியாக எடுத்து வைக்காதீர்கள், அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும். நடந்ததைச் சொல்லுங்கள், முதலாளியிடம் எழுதிக் கொடுத்ததைச் சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கிறிஸ்தவனாகிவிட்டேன், நீங்களும் மன்னிக்க வேண்டும் என்று வசனம் சொல்லி நெருக்கவே கூடாது. அவர் காறித் துப்பலாம், கதவைச் சாத்தலாம், அது அவர் உரிமை. அவர் மன்னிக்காவிட்டால் தேவனுடைய மன்னிப்பு ரத்தாகிவிடுமா? ஆகாது. அதை நீங்கள் அவரிடமிருந்து வாங்க வேண்டியதில்லை.

நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. இந்த ஒரு பாவம் மட்டுமா, அல்லது சின்னச் சின்ன விஷயங்களுக்கும் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களா? ஜெபத்தில் ஒரு வார்த்தை சரியாக வரவில்லை என்று முதலிலிருந்து ஆரம்பிப்பது, கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் நிம்மதி, உடனே மறுபடி சந்தேகம் என்று ஓடுகிறதா? அப்படியென்றால் அது மனசாட்சியின் குரல் மட்டும் இல்லை, வைத்தியம் இருக்கிற ஒரு நோயாக இருக்கலாம். பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, முன்பே அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரைக்கும் போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் அதிலிருந்து மீண்டார். எல்லோருக்கும் அப்படி நல்லபடியாக முடிவதில்லை. நியூட்டனோடு சேர்ந்து ஓல்னியில் பாடல்கள் எழுதிய வில்லியம் கூப்பரின் மனசு 1773-ன் தொடக்கத்தில் மறுபடி உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற நம்பிக்கை 1800-ல் சாகும்வரை அவரை விட்டு முழுவதும் போகவில்லை. நியூட்டன் அவருக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் எழுதிய, இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றிய பாட்டை இன்றைக்கும் சபைகள் பாடுகின்றன. பாடியவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் எழுதியவருக்குக் கிடைக்கவில்லை. அவர் மன்னிக்கப்படாதவர் என்று நான் ஒரு நொடியும் நினைத்ததில்லை. ஆகவே மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை. செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

அம்மா சொன்னதைத் தட்டிவிட வேண்டாம். ஒரு மனுஷர் காதில் விழும்படி பாவத்தைச் சொல்லி, ஒரு மனுஷர் வாயால் மன்னிப்பின் வார்த்தையைக் கேட்பதற்கு ஒரு பலம் உண்டு. லூதரே தனிப் பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை. கத்தோலிக்கக் குருவானவரும், சேதம் விளைவித்ததை முடிந்தவரை சரிக்கட்டு என்றுதான் சொல்வார், அவர்களுடைய போதனை அதில் கறாரானது. அங்கே கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் விதிவிலக்கில்லாத சட்டம். உங்கள் சபையில் அந்த முறை இல்லை என்றால், ரகசியம் காக்கத் தெரிந்த ஒரு மூத்த விசுவாசியிடம் ஒரு தடவை முழுவதையும் சொல்லுங்கள். ஒரே தடவை போதும். ராத்திரி ஜெபத்தில் இதற்காக மறுபடி மன்னிப்புக் கேட்பதை அன்றோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் அந்த மனுஷருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் ஜெபியுங்கள்.

திருவிருந்தை எடுங்கள். அபாத்திரமாய்ப் பந்தியில் சேருவதைப் பற்றிப் பவுல் கண்டித்தது, பசித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வயிறு முட்டச் சாப்பிட்ட கொரிந்து சபைக்காரர்களை. குற்ற உணர்வோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பி அனுப்ப அவர் அதை எழுதவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் பந்திக்கு வருவேன் என்று காத்திருக்காதீர்கள், மனைவியிடம் பேசுகிற தைரியமே அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கும். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இயேசு சொன்னாரே என்று கேட்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. போவதற்கு மனசில் முடிவு எடுத்தவன் பந்திக்கு வரலாம் என்பது என் கருத்து, இதில் வேறு மாதிரி நினைக்கிற ஆயர்களும் உண்டு. உங்கள் பாஸ்டரிடம் முழு விவரத்தையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை அவருக்கு நீங்கள் பாதிதான் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அந்த மனுஷர் உயிரோடு இல்லை என்று தெரியவந்தால் அவர் மனைவி மக்களைத் தேடுங்கள். தங்கள் அப்பா திருடவில்லை என்று கேட்பது அவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிசாக இருக்கும். ஒருவருமே கிடைக்கவில்லை என்றால், எண்ணாகமம் 5 அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. வாங்கிக்கொள்ளச் சொந்தம் யாரும் இல்லாதபோது அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகும், எடுத்தவனிடமே தங்காது. இன்றைக்கு அதை வேலை இழந்து நிற்கிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் தேடிப் பார்த்துவிட்டுத்தான். பழைய முதலாளி, கூட வேலை பார்த்தவர்கள், அவர் குடியிருந்த தெரு, இந்த மூன்று இடத்திலாவது நேரில் போய் விசாரியுங்கள்.